இரண்டரை மணி நேரத்துத் தூரம்

ஏர்வாடியில் மதார் சாகிபு உயிர் பிரிந்து மௌத்தானது விடியற்காலை சுபுஹு தொழுகைக்குச் சற்று முன்னால். சித்திரை வெயில், மையத்து உடலை அதிக நேரம் வைத்திருக்க முடியாது, மதியத் தொழுகையான லுஹருக்கே அடக்கிவிடலாம் என்று ஜமாஅத்தார் சொன்னார்கள். அவர் மனைவி நஃபீசா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. துபாயில் இருக்கும் ஒரே மகன் சதக் வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்றாள்.

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. 1988இல் சதக் மெட்ராஸில் காலை பத்து மணிக்கு விமானம் ஏறினான். போய் இறங்கியதும் அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்கே வந்துவிட்டேன் உம்மா என்று போனில் சொன்னான். மதுரைக்கு பஸ்ஸில் போனால்கூட அதைவிடக் கூடுதலாகும். மகன் மதுரையைவிடப் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள். அப்படியானால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாவுக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லு என்று பக்கத்துவீட்டு சுலைகா கேலி செய்வாள். மூன்று வருடமாகியும் சதக் ஒரு தடவைகூட வரவில்லை.

நஃபீசாவின் தம்பி ஹாஜா முகைதீன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் சதக்கிடம் பேசிவிட்டு வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே நஃபீசா கேட்டாள்.

"ஏறிட்டானா?"

இருக்கிற விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் கடிகாரத்திலிருந்து ஆரம்பித்தார். "லாத்தா, அங்க மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. பிளேன் நெசமா ஓடுறது நாலு மணி நேரம். பெறகு மெட்ராஸ்லருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸு."

நஃபீசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நமக்கு இப்ப ஒம்போது. அப்ப அங்கன ஏழரைதானே? புள்ளைக்கு இன்னும் நேரம் கெடக்குதேடா. ஏன் அவசரப்படுத்துறீக?"

சுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஜா முகைதீன் ஜமாஅத்தாரிடம் கெஞ்சி அடக்கத்தை மாலைத் தொழுகையான அஸருக்குத் தள்ளிவைத்தார். ஐஸ் வாங்கி வைத்தார்கள். லுஹர் பாங்கு சொன்னபோது நஃபீசா, இப்போது அவன் மெட்ராஸ் வந்திருப்பான் என்றாள்.

அஸருக்குச் சற்று முன்னால், வெளியே மையத்தைச் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஹாஜா முகைதீன் சொன்னார்.

"அவன் ஏறவே இல்ல லாத்தா. பாஸ்போர்ட்டு மொதலாளி அரபிகிட்ட இருக்கு. அரபி ஊர்ல இல்ல. வந்தாலும் இந்த வருஷம் விடமாட்டானாம்."

"ரெண்டரை மணி நேரந்தானேடா" என்றாள் நஃபீசா. சண்டைபோடும் குரல் இல்லை அது.

ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள்.

மண் போட்டுவிட்டு ஹாஜா முகைதீன் திரும்பி வந்து, உள்ளே பெண்கள் இருந்ததால் வராமல் நடையில் நின்றுகொண்டே, அடக்கம் முடிந்ததைச் சதக்குக்குச் சொல்லப் பூத்துக்குப் போவதாகச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து நஃபீசா பேசினாள்.

"இனிமே அவனுக்கு அவசரமில்லன்னு சொல்லு."