வாழைக்குக் கட்டிய தாலி

பிரபுவுக்கும் ஒரு வாழைக்கன்றுக்கும் கல்யாணம் நடந்தபோது என் தங்கை ஐரின் பந்தலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தான்.

பாலசமுத்திரத்தில் பிரபு வீட்டுச் சொந்தத்தில் அப்படி ஒரு வழக்கம். கல்யாணமாகாமல் செத்த ஆம்பளையை அப்படியே தூக்கக் கூடாதாம். தோப்பிலிருந்து கன்று ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் கயிற்றைப் பிணத்தின் கையில் தொட்டு எடுத்து, அதை வாழைக்குக் கட்டுவார்கள். கட்டிய கையோடு அரிவாளால் ஒரு வெட்டு. தாலியும் ஏறியாயிற்று, தாலி ஏறியவளும் போய்ச் சேர்ந்தாயிற்று.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்ன செய்தாவது மனசை ஆற்றிக்கொள்ளட்டும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரபு கல்யாணமாகாதவனா? பத்து வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் என் தங்கையோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவன். அவள் நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ரசம் வைத்துக் காத்திருந்தவன். அவன் வேலைக்குப் போகிற வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, அங்கே முதல் போன் போனது அவளுக்குத்தான். அவன் உடம்பை ஊர் கொண்டுவர அலைந்ததும் அவள்தான். சென்னையிலிருந்து பாலசமுத்திரம் வரை பெட்டியின் மேல் கையை வைத்தபடியே வந்தாள். இறங்கியதும் பிரபுவின் தம்பி விக்னேஷ்குமார் சொன்னான்: "நீங்க இங்கியே நில்லுங்க. உள்ள சொந்தக்காரங்க இருக்காங்க."

அப்போதே அவனை ஒரு அறை விட்டிருக்க வேண்டும். இழவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிரபுவும் ஐரினும் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் திண்டுக்கல் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; அவர்கள் பாலசமுத்திரத்து விவசாயக் குடும்பம். பிரபுவின் அப்பா நல்லுசாமி, "அந்தப் புள்ளையக் கட்டுனா தோட்டத்துக் கெணத்துல என் பொணம் மெதக்கும்" என்று சொல்லிவிட்டார். "அவர் முன்னாலதான் கட்டுவேன், மனசு மாறட்டும்" என்று பிரபு காத்திருந்தான். கல்லைக்கூடக் கரைத்துவிடலாம், நல்லுசாமியின் மனசு மட்டும் அப்படியே இருந்தது.

லீட்ஸில் இருவரும் வீடு வாங்கியபோது ஐரின் எனக்குப் போன் பண்ணினாள். அங்கே வீடு வாங்க வக்கீல் வைக்க வேண்டுமாம். அந்த வக்கீலம்மா உட்கார வைத்துக் கேட்டாளாம், "நீங்கள் பிரிந்தால் என்ன, ஒருவர் இறந்தால் என்ன?" என்று. பிரபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பால் காய்ச்ச நாள் பார்க்கிற நேரத்தில் சாவுப் பேச்சா? அந்த அம்மா விடவில்லை. சேர்ந்து இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டால் சட்டம் தானாகவே மனைவி ஆக்கிவிடும் என்று அங்கேயும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்களாம். அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். பங்கு பங்காகப் பிரித்து எழுதிவிட்டு, உயிலும் எழுதாமல் ஒருவர் போனால், அந்தப் பங்கு அவரைப் பெற்ற தாய்தகப்பனுக்குப் போய்விடும். கூட வாழ்ந்தவள் கோர்ட் படி ஏறித்தான் கேட்க வேண்டும். பிரிக்காமல் இருவர் பேரிலும் ஒன்றாக எழுதினால், ஒருவர் போனபின் முழு வீடும் இருக்கிறவருக்கே.

"பங்கா? அண்ணந்தம்பி சண்டையிலதான் நம்ம ஊர்ல அந்தப் பேச்சே வரும். ஒண்ணாவே எழுதுங்க" என்றானாம் பிரபு.

அந்த வீட்டைத்தான் கேட்டு வந்தார்கள். கருமாதிக்கு முந்தின நாள், திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டுக்கு. பத்து வருஷமாக எங்கள் தெருவைக்கூட மிதிக்காத நல்லுசாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூட விக்னேஷ்குமார், கையில் ஐரின் வீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம். இங்கிலாந்தில் இருக்கிற யாரோ ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். அந்தப் பெண்ணாக மனமுவந்து எழுதிக் கொடுத்தால் ஒழிய, வீட்டில் உங்களுக்கு ஒரு செங்கல் கிடையாது என்று பதில் வந்திருக்கிறது.

காப்பி வைத்தேன். இருவரும் தொடவில்லை.

"ஏனுங்க, நாங்க சண்டைக்கு வரலீங்க" என்று நல்லுசாமி என்னிடம் ஆரம்பித்தார். "எம் பையன் சம்பாரிச்ச ஊடு. வேத்தாளுக்குப் போகலாமுங்களா?"

"அவ பாதி சம்பாரிச்ச வீடுங்க அது. யாரு வேத்தாளு?" என்றேன்.

அவர் ஐரின் பக்கம் திரும்பினார். "அம்மிணி" என்றார். அவளை அவர் ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. நாளைக்குக் கருமாதிக்கு வா. மருமகளா முன்னால உக்காந்துக்க. உங்கக்கா கோடி கொண்டாரட்டும், ஊருக்கு முன்னால வாங்கிக்கறோம்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. கோடிச் சேலை என்றால் லேசான காரியமா? புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீடு போடுவது. அதைப் பையன் வீட்டார் வாங்கிக்கொண்டால், அவள் எங்கள் பையனின் பெண்டாட்டிதான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உயிரோடிருந்தவனுக்குக் கொடுக்காத அந்த ஒரு வார்த்தையை, செத்தபிறகு ஒரு வீட்டுக்கு விலையாக வைத்துக்கொண்டு வந்து என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷன்.

வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஐரின் கையை நீட்டி, விக்னேஷ்குமாரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அவள் எதற்காக ஏங்கிக் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும். மருமகள் என்ற அந்தச் சொல்லுக்கு அவள் அந்த வீட்டை மட்டுமல்ல, உடுத்தியிருந்த துணியைக்கூடக் கொடுத்திருப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் நல்லுசாமிக்கு அங்கிருந்து ஸ்வெட்டர் வாங்கி அனுப்புவாள். பிரபு வாங்கியது என்று சொல்லித்தான் அது அவர் கைக்குப் போகும்.

"ஏய், ஐரினு! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"அக்கா, செத்த நேரம் சும்மா இரு" என்றாள். பத்திரத்தைப் பொறுமையாகக் கடைசி வரை படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "மாமா" என்றாள்.

நல்லுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். காரியம் முடிந்தது என்றே நினைத்திருப்பார்.

"அன்னைக்கு நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊரு சனம் அம்புட்டும் பாக்க அவருக்கு நீங்க கட்டி வச்ச பொண்டாட்டி அந்த வாழதான், நான் இல்ல. பொண்டாட்டி கையெழுத்து வேணும்னா அதுட்டப் போயி வாங்கிட்டு வாங்க."

நல்லுசாமியின் தலை மெல்லக் கவிழ்ந்தது. விக்னேஷ்குமாருக்கு மட்டும் புரியவில்லை. "அதத்தான் அப்பவே வெட்டிப் போட்டாச்சுங்களே" என்றான்.

"ஆமா. பாத்தேன். என்னைய அப்பிடி வெட்டிப் போட முடியாது" என்றாள் ஐரின். பேனாவை மூடி, பத்திரத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கம் தள்ளினாள்.

நல்லுசாமி எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். அவர் பின்னால் விக்னேஷ்குமார் பத்திரத்தை மடித்தபடி ஓடினான். நான் கதவைப் படாரென்று சாத்தினேன், தெருக்கோடி வரை கேட்கட்டும் என்று.

திரும்பி வந்து பார்த்தால், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்குடி அழுகுற? நறுக்குன்னு நல்லாத்தான கேட்ட?" என்றேன்.

"மாமான்னு கூப்பிட்டேன்க்கா" என்றாள். "அவரு கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னதும் கூப்பிடலாம்னு வச்சிருந்தேன்."