மறுக்காத வங்கியும் மூன்றாம் ஷரத்தும்

1.
இந்தக் கதை என் கற்பனை இல்லை. உத்தமபாளையத்தில் பத்திர எழுத்தர் வைகுண்டராஜ் கடையில் வில்லங்கச் சான்றுக்குக் காத்திருந்தபோது, அவர் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை என் பெருமையாக்கிக்கொண்டேன். பத்திரம் கிடையாது, அனுபவ பாத்தியதைதான்.

2.
முதல் தொடக்கம்: மேற்கு மலையில் மேகம் இறங்க, திராட்சைப் பந்தலின் கீழே பவுனு கண்ணீர் மல்க…

(பவுனு அழுகிற ஆள் இல்லை. திராட்சை வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகிறவள். இருபது பெண்களை ஒரே அதட்டலில் வேனில் ஏற்றுகிறவள். விடுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 2007இல், சுருளிப்பட்டிப் பக்கம் கருத்தக்கண்ணனின் அரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்துக்குப் பவுனு முன்பணம் கொடுத்தாள். அடுத்தவர் தோட்டங்களில் வெட்டி வெட்டிச் சேர்த்தது அத்தனையும் அதுதான். மீதிக்கு வங்கிக் கடன். ஒப்பந்தம் எழுதிய வைகுண்டராஜ், மதுரையில் ஏதோ அடுக்குமாடிப் பத்திரத்தில் பார்த்த ஒரு ஷரத்தை மூன்றாவதாகச் சேர்த்தார். வங்கி கடன் தந்தால் கிரையம். மறுத்தால் முன்பணம் திரும்ப வரும். இரண்டும் இல்லாமல் தை பிறந்துவிட்டால் முன்பணம் போச்சு.*

* மூலத்தில் "யாதொரு ஆட்சேபமுமின்றி இழக்கக்கடவது". பொருள் போச்சுதான்.

"இப்படி ஷரத்து இந்தப் பள்ளத்தாக்குலயே எவனும் எழுதுனதில்ல" என்றார். வாஸ்தவம். இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் எதையும் மறுத்ததும் இல்லை. அரிசி தீர்ந்தால்கூட "நிறைஞ்சிருக்கு" என்கிற ஊர் இது.

4.
(மூன்றை எடுத்துவிட்டேன். அதில் வங்கி மேலாளரை வில்லனாக்கப் பார்த்தேன், மனுஷர் ஒத்துழைக்கவில்லை. தங்கமான போடிக்காரர்.)

மாதக்கணக்கில் "பார்ப்போம்மா" வாங்கிக்கொண்டு திரும்பிய பவுனு, மார்கழியின் கடைசி வேலை நாளில் அவர் முன் போய் நின்றாள்.

"சார், கடன் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

"நல்ல நாளும் அதுவுமா இல்லைன்னு ஏம்மா சொல்லணும்? பார்ப்போம்."

"எனக்குக் குடுத்தா திரும்பாது சார். நான் கட்ட மாட்டேன். என்னைய நம்பாதீக."

"இப்படி மனசுல உள்ளதச் சொல்ற ஆளு இப்ப எங்கம்மா இருக்காக? ஒங்களுக்குக் குடுக்கணும்னுதான் தோணுது."

"அப்பக் குடுங்க."

"பார்ப்போம்."

வெளியே கருத்தக்கண்ணன் நின்றிருந்தார். ப்ளாட்டு போடுகிறவர் ஒருவர், அதே தோட்டத்துக்கு ஏறிய விலையோடு, தை பிறக்கக் காத்திருந்தார்.

"அண்ணே, பணத்தையாச்சும் திருப்பிருவீகள்ல?"

கருத்தக்கண்ணன் மட்டும் வேற்றூரா? "பார்ப்போம் ஆத்தா" என்றார், வங்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி.

5.
முடிவு அ: கருத்தக்கண்ணன் மனசாட்சி உறுத்த, கண்கள் பனிக்க…

(சென்டு விலை தெரிந்த எவருக்கும் கண் பனிக்காது.)

முடிவு ஆ: நிஜத்தில் நடந்தது. வைகுண்டராஜிடமே கேட்டேன்.

"பவுனு என்ன ஆனாக?"

"எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஷரத்து நிக்கும்ங்க."

"பவுனு?"

"அட, ஷரத்து நிக்கும்ங்கறேன்."

6.
ஆகவே பவுனுவைத் திரும்பவும் மேலாளர் அறைக்குள் அனுப்பியிருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எந்திரிக்கேன்." வாட்ச்மேன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். மேலாளர் வாயைத் திறக்கிறார்:

"…………"

அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள். "சரி" என்றால் தோட்டம். "இல்லை" என்றால் பணம். எதுவானாலும் அவள் பிழைத்துக்கொள்வாள். நான் எழுதலாம்தான், ஆனால் நானும் இந்த ஊர்க்காரன், என் பேனாவுக்கு என்ன வார்த்தை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவள் இப்போது மேலாளரைப் பார்க்கவில்லை. உங்களைத்தான்.