நண்டு ஓட்டுக்கு அடியில் கிடந்த தாள்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டு பிடிக்கும் பர்னெல் இன்ஸ்லியின் முகம் அழகானது என்று அவர் மனைவி வெர்னாகூடச் சொன்னதில்லை. ஆனால் எவ்வளவு பெரிய புளுகை அவிழ்த்துவிட்டாலும் அதில் ஒரு சுருக்கம் அசையாது. ஊர்த் தீயணைப்புப் படை விருந்தில் ஆண்டுதோறும் நடக்கும் புளுகுப் போட்டியில் பதினோரு தடவை பரிசு வாங்கிய முகம் அது.

ஜூன் மாதம் ஒரு காலையில் அந்த முகம் இடப்பக்கம் சரிந்துவிட்டது. கண் மூடவில்லை. காப்பி வாயோரமாக வழிந்தது.

டாக்டர் கீத்லி பார்த்துவிட்டு, மூளையில் அடைப்பு இல்லை, முகநரம்பு வாதம்தான் என்றார். "உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

"எங்க சதுப்புல உண்ணி கடிக்காது டாக்டரம்மா. காலைக் கவ்வி இழுத்துட்டுப் போயிரும்."

டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் இல்லை என்று இரண்டு நாளில் முடிவு வந்தது. தாள் பழைய செய்தித்தாள்களோடு சேர்ந்தது.

ஐந்து வாரமாயிற்று. முகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. படகுத்துறையில் பர்னெல் வாயைத் திறந்தாலே, "என்னப்பா, கதை தொடங்குமுன்னயே வாயைக் கோணிச் சிரிக்கிற?" என்று கேட்டான் கூட நண்டு பிடிக்கும் எல்வுட். பர்னெல் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாற்பது வருடமாக "வாயை மூடு" என்று சொல்லிவந்த வெர்னாவுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை வழக்கம்போல மேசைமேல் செய்தித்தாளை விரித்து, ஆவியில் வெந்த நண்டுகளைக் கொட்டினாள். பர்னெல் ஐந்தாவது நண்டின் ஓட்டை ஒதுக்கியபோது, அடியில் டாக்டர் கொடுத்த தாளில் மசாலா ஊறிய எழுத்துகள் தெரிந்தன. பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் லைம் நோய் இல்லை என்று உறுதியாகாது. தொந்தரவு தொடர்ந்தால் மறுபரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

"வெர்னா, இந்த நண்டு என்னமோ சொல்லுது."

திங்கட்கிழமை அந்தத் தாளோடு போய் நின்றார்கள். டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார்.

"கொடுத்த அன்னிக்குப் படிக்கல," என்றாள் வெர்னா. "சாப்பாட்டோட வச்சாத்தான் இந்த ஆளுக்கு எதுவும் உள்ள இறங்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதைக் கொடுக்கணும்னு மேரிலாந்துல சட்டமே இருக்கு. கொடுத்ததோட என் கடமை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். கடிச்ச புதுசுல ரத்தத்துல தெரியாது. நானே உங்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

தப்பு தன்மேல் என்று சொன்ன டாக்டரை பர்னெல் அதுவரை பார்த்ததில்லை. தான் புளுகிய எந்தக் கதையிலும்கூட அப்படி ஒருவர் வந்ததில்லை. மறுபடி ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

இந்த முறை நோய் தெரிந்தது. மூன்று வாரம் மாத்திரை. அதற்குள் டாக்டர் அந்தக் கோடையில் "இல்லை" என்று அனுப்பியவர்களின் கோப்புகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார். இன்னும் இரண்டு பேருக்கு நோய் இருந்தது.

அக்டோபர் விருந்துக்குள் முகம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. பர்னெல் மேடை ஏறினார். தன்னை ஒரு நண்டு டாக்டரிடம் அனுப்பியதையும், டாக்டர் தப்பை ஒப்புக்கொண்டதையும் சுருக்கம் அசையாமல் சொன்னார். டாக்டர் தப்பை ஒப்புக்கொண்ட இடத்தில் கூடம் வெடித்துச் சிரித்தது.

"இந்த வருஷம் ரொம்ப ஓவர்!" என்று கத்தினான் எல்வுட்.

பன்னிரண்டாவது பரிசாக உப்பிட்ட பன்றித்தொடை கிடைத்தது. பர்னெல் இறங்கிவந்து அதை முன்வரிசையில் இருந்த டாக்டர் கீத்லியின் மடியில் வைத்தார்.

"நிஜத்தைச் சொல்லிப் புளுகுப் பரிசு வாங்கிட்டேன் டாக்டரம்மா. நீங்களே வச்சுக்குங்க. முகத்துக்கு நன்றி."

பிறகு வெர்னாவைப் பார்த்து, வாரக்கணக்கில் மூட மறுத்த அந்த இடக்கண்ணால் ஒரு தடவை கண்ணடித்தார்.