சனிக்கிழமைக் கோடுகள்

மூன்றாவது தடவையும் அண்ணன் பச்சையாகத்தான் வெளியே வந்தான்.

தங்கை தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றி பச்சை, கன்னம் பச்சை, சிரிப்புகூடப் பச்சை. சிவப்பு மை ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. எட்டிப் பார்த்த சித்தப்பா, "நேத்து வரைக்கும் மாநிறமாத்தானேம்மா இருந்தான்" என்றார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார்.

அண்ணன் விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்து, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, முன்னறையில் படுத்திருந்தான். மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். கடையில் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. அண்ணி ஒரே பிடியாக நின்றாள்.

"கடைக்காரன் முகத்த வெளுத்துத் தொலைச்சிருவான். இவருக்கு அது ஆகாது. இவரு மிஷின்லயே போடு."

தங்கைக்கு ஆச்சரியம்தான். அந்தப் பிரிண்டரை அண்ணி 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வாள். லீவு நாளெல்லாம் அண்ணன் அதன் முன்னால்தான் பழியாய்க் கிடப்பான். வேறு யாரும் தொடக்கூடாது. தங்கை கிட்டே போனாலே, "கைய வச்ச, அவ்ளோதான்" என்பான். சின்ன வயதில் அவனுடைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தவள் அவள்.

இப்போது தடுக்க ஆளில்லை. மூடியைத் தூக்கியதும், உள்ளே என்னதான் இருக்கிறது என்ற பழைய அரிப்பு எழுந்தது. அண்ணன் செத்துக் கிடக்கிறான், இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

கிளீனிங் பட்டனை இரண்டு முறை அமுக்கியும் பிரயோஜனமில்லை. மேசை இழுப்பறையில் ஊசி இல்லாத சிரிஞ்ச், அதன் முனையில் சொருகிய சின்ன ரப்பர் குழாய், பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் இருந்தன. பாட்டிலின் மேல் அண்ணனின் சதுர எழுத்து: 'அழுத்தாதே. ஊற விடு.' பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மை தெளிக்கும் ஹெட்டை நடுவுக்கு நகர்த்தி, அடியில் டிஷ்யூவை மடித்து வைத்தாள். சிவப்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அது உட்காரும் துளையில் குழாயைப் பொருத்தி, இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் அப்படியே நின்றது.

ஊறட்டும் என்று விட்டுவிட்டு, இழுப்பறைக்கு அடியில் இருந்த ஃபைலைப் பிரித்தாள். எல்லாத் தாளிலும் ஒரே சங்கதி. நான்கு நிறத்தில் படிக்கட்டு மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள், ஓரத்தில் தேதி. மை காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சனிக்கிழமைதோறும் போட்டுப் பார்த்த சோதனைத் தாள்கள். ஐந்து வருஷத்தில் ஒரு வாரம் தப்பவில்லை. இந்த ஒழுங்கில் மாத்திரையைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கை நின்றது. அண்ணன் படுக்கையில் விழுந்து ஐந்து மாதம். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். முன்னறையை விட்டு அசைந்தவனில்லை. அதற்குப் பிறகும் பதினேழு தாள்கள் இருந்தன. தேதி மட்டும் உருண்டை எழுத்தில், அண்ணி மளிகை லிஸ்ட் எழுதுகிற எழுத்தில். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு அது நின்றிருந்தது. அடைப்பு எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிட்டது.

"ஆச்சா? மணி ரெண்டே கால்." அண்ணி கதவருகே நின்றாள்.

"ஊறுது. அண்ணி, இதெல்லாம் நீங்க போட்டதா?"

அண்ணி ஃபைலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்க படுத்துக்கிட்டே காதுகொடுத்துக் கேட்டுட்டு இருப்பாரு. சத்தம் வரலன்னா சாப்பாடு எறங்காது. தாளக் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேரா காட்டணும். ஒரு கோடு விட்டிருந்தாலும் மறுபடி போடுன்னுவாரு. என் தலையெழுத்து."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"சக்களத்திக்குப் பணிவிடை செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லணுமாக்கும்."

தங்கை சிரிஞ்சை ஒரு மயிரிழை தள்ளினாள். டிஷ்யூவில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமாகிப் பரவியது.

கார்ட்ரிட்ஜை மாட்டிச் சோதனைத் தாளைப் போட்டாள். மிஷின் முனகி, இங்குமங்கும் ஓடியது. முன்னறையில் பேச்சு நின்றது. கறுப்பு, நீலம், மஞ்சள், அப்புறம் சிவப்பு, ஒரு கோடும் விடாமல் வந்தது.

அண்ணி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கோடு கோடாகக் கண்ணை ஓட்டினாள். பேனாவைத் தேடி எடுத்து ஓரத்தில் தேதி போட்டாள். "எல்லாம் சரியா வந்திருக்கு" என்று முணுமுணுத்து, மை காய ஊதிக்கொண்டே விறுவிறுவென்று முன்னறைக்கு நடந்தாள்.

"அண்ணி, போட்டோ இனிமேத்தான்..."

காதில் விழவில்லை. படம் வருகிறது என்று உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். அண்ணி நேராகத் தலைமாட்டுக்குப் போய், குனிந்து, தாளை அண்ணனின் கண்ணுக்கு நேராக நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

பின்னாலேயே போயிருந்த தங்கை ஓசைப்படாமல் திரும்பி வந்து படத்தைப் போட்டாள். மிஷின் ஓடத் தொடங்கியது. அண்ணி இன்னும் குனிந்தபடியே தாளைப் பிடித்திருந்தாள்.