படகுப் பச்சை

கீர்த்தி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "இந்தத் தபா போற ஃபோட்டோல என் மூஞ்சி இருக்கணும். இல்லாங்காட்டி ஃபோட்டோவே போவ வேணாம்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பங்குனியில் ஒரு ஸ்டுடியோக்காரர் அவளைக் கோதுமை நிறமாக்கிக் கொடுத்த படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். கிளம்பும்போது பையனின் அம்மா, "படத்துல வேற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். உள்ளே கீர்த்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று அவள் அப்பா ஜெகதீசன் மனசைத் தேற்றிக்கொண்டார். கேட்டுத்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு டம்ளரை அவள் எத்தனை நேரம் கழுவினாள் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்போது எண்ணூரிலிருந்து இன்னொரு இடம். பையன் பெயர் பாலகணேஷ், கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்ணின் படம் வேண்டும் என்று அவனுடைய அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

தெருவில் நிற்கவைத்து எடுத்தால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் காசிமேட்டில் அவர்கள் இருக்கும் சந்தில் வலை பின்னுகிறவர், கேரம் ஆடுகிறவர் எல்லாரும் எழுந்து வந்து, தலையைச் சாய், பல்லைக் காட்டு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கீர்த்தி மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்குள்ளோ பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியவேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகு ஓட்டும் ஜெகதீசனுக்குக் கடலுக்குப் போகிற வேலை இல்லை. "லைட்டுதான வோணும்? நான் பாத்துக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் படகின் மேல்தளத்து ஃபோகஸ் லைட் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் முகத்துக்கு நேரே அதைப் போட்டார். அவள் கண் தானாக மூடிக்கொண்டது. போனில் எடுத்துப் பார்த்தால் நெற்றியும் மூக்கும் பளபளக்க, பின்சுவரில் கரேலென்று ஒரு நிழல் நின்றது.

"நைனா, நான் இன்னா மீனா? வெளிச்சத்தப் பாத்து மேல வர்றதுக்கு?"

"லைட்டு ஜாஸ்தி இருந்தா நல்லா தெரியும்னு..."

"தெரியுது, தெரியுது," என்றாள் அம்மா புஷ்பவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து. "ஐஸ்ல போட்ட வஞ்சிரம் கணக்கா."

வண்ணாரப்பேட்டை மொத்தத் துணிக்கடை ஒன்றில் கீர்த்தி வேலை செய்தாள். சுடிதார்களைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவது அங்கே அவள் பொறுப்பு. அதில் பழகியதை அப்பாவுக்குச் சொன்னாள். வெளிச்சம் பலமாக இருக்க வேண்டியதில்லை, பரந்து வரவேண்டும். ஒரு புள்ளியிலிருந்து வந்தால் நிழல் கத்தி போட்டதுபோல விழும். அகலமான வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பினால் முகத்தை மெத்தென்று தடவிக்கொண்டு போகும்.

ஜெகதீசன் மறுபடி கிளம்பினார். ஒரே மாதிரி இரண்டு எல்.இ.டி. பல்பு, ஒயர் வைத்த ஹோல்டர். வெள்ளைப் பரப்புக்கு, மீன் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடிகள். சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தும் வாடை போகவில்லை.

"ஃபோட்டோல வாசன வராது, வுடு," என்றாள் கீர்த்தி.

முக்காலியில் ஒரு மூடியை நிமிர்த்தி, பல்பை அதன் பக்கம் திருப்பிக் கட்டினார். அந்தப் பக்கம் இன்னொன்று. இந்தத் தடவை நிழல் இல்லை. கண் அழகாகத் திறந்திருந்தது. ஆனால் முகம் பச்சை. நாலு நாளாகச் சோறு இறங்காதவள்போல இருந்தாள்.

"சோறு துன்னு துன்னுன்னு தலப்பாடா அடிச்சிகினேன்," என்று புஷ்பவல்லி ஆரம்பித்தாள்.

பல்பை மாற்றினார்கள். கீர்த்தி புடவையை மாற்றினாள். போனைத் துடைத்தார்கள். மறுபடியும் பச்சை. கீர்த்தி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"வுடு நைனா. எனக்கு ஒண்ணு வெள்ள வரும், இல்ல பச்ச வரும். என் கலரு மட்டும் வராது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெகதீசனுக்குத் தாங்கவில்லை. "எய்ந்திரு," என்று அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "என்ன எடு."

எடுத்தாள். அவரும் பச்சை. நரைத்த மீசையில் பாசி படர்ந்த மாதிரி. புஷ்பவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெகதீசன் படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார், பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

தடைக்காலம் வந்தால் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். மீந்த டப்பா வீட்டுக்கு வரும். அந்தச் சந்தில் ஒவ்வொரு வீடும் ஏதாவதொரு படகின் நிறம்தான். ஜெகதீசன் வீட்டில் நாலு சுவரும் பளபளக்கும் எனாமல் பச்சை. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, அது பச்சை என்பதே மூன்று பேருக்கும் மறந்துபோயிருந்தது. கடையில் சுவரெல்லாம் வெள்ளை, அதனால் கீர்த்திக்கும் தோன்றவில்லை.

"செவுரும்மா," என்றார். "செவுரு மூஞ்சில அடிக்கிது."

வலைக்கயிற்றைக் குறுக்கே கட்டினார். வேட்டி, போர்வை, புஷ்பவல்லியின் வெள்ளைப் பாவாடை என்று வீட்டிலிருந்த வெள்ளையெல்லாம் சுவரை மறைத்துத் தொங்கியது.

"வூட்டையே லாண்டரி ஆக்கிட்டியேயா," என்றாள் புஷ்பவல்லி. ஆனாலும் போர்வையின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

அப்புறம் எடுத்த படத்தில் கீர்த்தி இருந்தாள். கருப்பு என்று ஊர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற நிறம், அந்தப் படத்தில் ஒன்றாக இல்லை. கன்னமேட்டில் செம்பு ஓடியது. கண்ணுக்கடியில் நாவல்பழத் தோல். கழுத்துப் பக்கம் ஈர மணல். ஜெகதீசன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் கலருதான் ஒனக்கு வந்துட்டுது," என்றார் மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல.

"ஆமா. வேற யாருது வரும்?" என்றாள் அவள்.

போனை அம்மாவிடம் நீட்டினாள். "நீயே அனுப்பு."

போனில் படத்தை வெளுப்பாக்குகிற வெளிச்சக் கோடு எங்கே இருக்கிறதென்று புஷ்பவல்லிக்குத் தெரியும். கட்டைவிரல் அங்கே போனது. கொஞ்சம் இழுத்தாள். முகம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம். கீர்த்தி தடுக்கவில்லை. புஷ்பவல்லி மகளை ஒருமுறை பார்த்தாள், போனைப் பார்த்தாள், திரும்ப மகளைப் பார்த்தாள்.

"இது யாரு வூட்டுப் பொண்ணோ," என்று கோட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு அனுப்பினாள்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. புஷ்பவல்லி சோறு வடிக்கும்போதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அந்த அக்கா எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பாலகணேஷ்தான். போன வாரம் அவர்கள் அனுப்பியிருந்த படத்தில் அவனுக்குக் கோட்டும், அலையடிக்கிற தலைமுடியும் இருந்தன. இதில் கிரேன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் ஹெல்மெட் மடியில். நெற்றி பாதித் தலைவரை போயிருந்தது. கீழே அவனே எழுதியிருந்தான்: 'உங்க பொண்ணு படம் பார்த்தேன். முன்னாடி வந்ததுல ஸ்டுடியோக்காரர் எனக்கு முடி வெச்சிட்டார். நான் இப்படித்தான் இருப்பேன்.'

"அட பாவி, வய்க்கத் தலடி," என்றாள் புஷ்பவல்லி.

கீர்த்தி போனை வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வெயில் அவன் முகத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது, மறு பக்கத்தில் நிழல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் மாதிரி இருந்தான். அவள் உதட்டோரம் லேசாக அசைந்ததை ஜெகதீசன் பார்த்தார்.

"லைட்டு சரியாத்தான் கீது," என்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பாமலே, "வரச் சொல்லு."