ஈஷிப்போன ஆறு படங்கள்

உம்மல் குல்சும் அந்தப் பிரிண்டரைத் திட்டாத திட்டில்லை. பாவம், அது வாயில்லாத ஜீவன். வாயிருந்தும் பேச்சில்லாமல் இன்னொருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவள் கணவர் அப்துல் மஜீத், போத்தனூர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா வாட்ஸ்அப்பில் ஆறு படங்களை அனுப்பியிருந்தார். டீ, தண்ணீர், மாத்திரை, கக்கூஸ், போர்வை, ஃபேன்.

"நீங்க கேக்கறதை அவரு தொட்டுக் காட்டினாப் போதும்மா. சொல்றது புரியுதுன்னு அர்த்தம். புரிஞ்சா, பேச்சைக் கொண்டுவர வழி இருக்கு" என்றார். புரியாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மகள் படிக்கும்போது வாங்கிய பிரிண்டர் அது. அவள் மிச்சம் வைத்த போட்டோ தாளில் அடித்தால் படமெல்லாம் ஈஷிக்கொண்டு வந்தது. "டீ எங்கீங்க?" என்று கேட்டால் மஜீத்தின் விரல் போர்வையில் போய் நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே சேறாகத்தானே இருந்தன. மனுஷனைக் குறை சொல்ல முடியுமா?

பத்து நாளாக இதே பாடு. மை வரும் முனையைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் என்று கம்ப்யூட்டர் சொன்னதை மூன்று முறை செய்தாள். பாதி மையைக் குடித்து ஏப்பம் விட்டதுதான் மிச்சம். உருளையை ஈரத்துணியால் துடைத்தாள். தாளை ஃபேனுக்கடியில் மணிக்கணக்காகக் காயவைத்தாள். அப்போதும் விரலில் ஒட்டியது.

"தெருமுனை ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கலாமில்லம்மா?" என்று சென்னையிலிருந்து மகள் இஃப்ரா கேட்டாள். உன் அத்தாவைத் தனியாக விட்டு எப்படிப் போக என்றாள் இவள். நியாயம்தான். ஆனால் கடைக்காரர் ரசாக்குக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலையை ஏன் தள்ளிக்கொண்டே போனாள் என்பது அல்லாவுக்கே வெளிச்சம்.

இன்று அந்த ரசாக்கே மஜீத்தைப் பார்க்க வந்தார். பிரிண்டரின் அடித்தட்டை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க்கா, தாளைத் திருப்பி வச்சுப்போட்டீங்க. பளபளப்பு கீழ பார்க்கோணுமுங்க. இந்த மெஷினு தாளைப் புரட்டித்தான் அடிக்கும். இத்தனை நாளா முதுகுல அடிச்சிருக்கீங்க, அதுல மை ஒட்டாதுங்க."

இரண்டே நிமிஷம். ஆறு படமும் பளிச்சென்று வந்து விழுந்தன. ரசாக் விரலால் தேய்த்துக் காட்டிவிட்டு, "வாரேனுங்க்கா" என்று கிளம்பினார்.

குல்சும் தாளைக் கணவர் மடியில் வைத்தாள்.

"ஏனுங்க, டீ எங்கீங்க?"

மஜீத் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரல் மெல்ல நகர்ந்து ஃபேனில் நின்றது.

"நல்லாப் பாருங்க. நித்தம் குடிக்கறதுதானுங்க. டீ."

விரல் அங்கேயே இருந்தது. தண்ணீர் கேட்டாள். மாத்திரை கேட்டாள். விரல் அசையவில்லை. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டவர் போல அவளைப் பார்த்துச் சிரித்தார். படம் ஈஷியிருந்தவரை நம்புவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

போன் அடித்தது. இஃப்ராதான்.

"என்னம்மா, படம் சரியா வந்துச்சா? அத்தா தொட்டுக் காட்டினாங்களா?"

குல்சும் தாளை அவர் மடியிலிருந்து எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள்.

"எங்க கண்ணு... பாழாப்போன பிரிண்டரு. இன்னிக்கும் ஈஷிப்போட்டுது."