பூச்சியம் போடாதே

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் பெனின், கடவுள் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு ஒரு புத்தகம் எழுதியிருந்தான். நம்புகிறவர்களும் மறுக்கிறவர்களும் அதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். அவன் தங்கை ரீத்தா எடுத்துக்கொண்டது ஒரே வரி: ‘நடக்கவே முடியாது என்று நிச்சயமாகத் தெரியாத எதற்கும் பூச்சியம் போடாதே.’

அவள் கணவன் ஜெனின் மீன்பிடிக்கப் போன இடத்தில் புயலில் வள்ளத்தோடு காணாமல் போய் நாற்பத்தொரு நாள். தேடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. ஜெனினின் அம்மா குளோரி, பெனினைத் தேடி வந்தாள்.

“மக்கா, எம் பிள்ளை மோட்சத்துக்குப் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து வேகுகான். பூசை வச்சாத்தான் கரையேறுவான். ரீத்தா விடமாட்டேங்குகா. நீ சொன்னா கேப்பா.”

பெனின் போனபோது, ரீத்தா ஜெனினின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“எவ்வளவு வாய்ப்புண்ணு சொல்லு.”

காற்றடித்த திசை, வள்ளத்தில் இருந்த குடிதண்ணீர், எல்லாம் வைத்து அவன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான்.

“லட்சத்துல ஒண்ணுகூட இல்லட்டி.”

“பூச்சியமா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“இல்ல.”

“அப்போ உசிரோட இருக்கவனுக்கு என்னத்துக்குப் பூசை?”

“அத்தைக்கும் ஒரு மனசு இருக்குல்லா.”

“இருக்கட்டும். அதுக்காக நான் அவரக் கொல்ல முடியுமா?”

ஞாயிற்றுக்கிழமை, ரீத்தாவைக் கேளாமல் குளோரி பூசைக்கு ஏற்பாடு செய்தாள். யாருக்காகப் பூசை என்ற கருத்தை வாசிக்கும்படி பங்குத்தந்தை பெனினிடம் தாளை நீட்டினார். ‘மரித்த ஜெனினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்றிருந்தது. முதல் வரிசையில் குளோரி அவன் வாயையே பார்த்திருந்தாள். கோபுரத்து ஒலிபெருக்கி ரீத்தாவின் வீட்டைப் பார்த்து இருந்தது. முதல் சொல்லை விட்டுவிட்டான்.

“கடலுக்குப் போன ஜெனினுக்காக” என்று வாசித்தான்.

குளோரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூசை முடிந்ததும் அவன் கையைப் பிடித்து, “எம் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதச் சொல்லாம விட்டுட்டியே மக்கா” என்றாள்.

அங்கிருந்து நேரே ரீத்தாவின் வீட்டுக்கு நடந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டான்.

“செத்தவங்களுக்க பூசையில அவருக்க பேரச் சொல்லிட்டியே அண்ணா” என்று உள்ளிருந்து கேட்டது. அவ்வளவுதான்.

வெயில் ஏறும்வரை வாசலிலேயே நின்றான். குளோரி அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள், தலை நிமிரவில்லை. கதவும் திறக்கவில்லை.